திறமூல மொழியின் பெயரைத் தொடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவிட்ட (திறமூல, ஓப்பன் சோர்ஸ்) ஒரு நிரல் மொழியின் கம்பைலரில், அதாவது எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருளில், நாலு வசதி சேர்த்து அதே பெயரில் வெளியிடப் போவதாகச் சொன்னான். "ஓப்பன் சோர்ஸ்தானே அண்ணா, யார் கேட்பாங்க?" நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உரிமத்தில் பெயரும் சேர்த்தி என்று நினைப்பது

அப்பாச்சி 2.0 என்ற திறமூல உரிமத்தின் 6ஆம் பிரிவைப் படியுங்கள்: டிரேட்மார்க்குக்கு அனுமதி இல்லை. எம்ஐடி உரிமம் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை, பேசாததை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தவர் பெயரை நிரலுக்குள் புதைப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிகிறது. 2017இல் ஆரக்கிள் நிறுவனம், ஜாவா மொழியில் பெரிய நிறுவனச் செயலிகள் கட்டப் பயன்படும் ஜாவா இஇ-யை, எக்லிப்ஸ் என்ற திறமூல அறக்கட்டளைக்குத் தருவதாக அறிவித்தது. நிரல் கைமாறியது, 'ஜாவா' என்ற பெயர் கைமாறவில்லை, அதனால் 2018இல் அது ஜகார்த்தா இஇ ஆனது. சரி, பெயர்ப்பலகை மாறினால் என்ன என்றுதான் நாங்கள் இருந்தோம். ஆனால் நிரலுக்குள் ஒவ்வொரு தொகுப்பையும் அழைக்கும் பேக்கேஜ் பெயரே 'ஜாவாக்ஸ்'! பேச்சுவார்த்தை முறிந்து, அந்தப் பெயரின் கீழ் இனி எதையும் திருத்த முடியாது என்று 2019 மே மாதம் தெரிந்தது. அடுத்த ஆண்டு ஜகார்த்தா இஇ 9இல் எல்லாம் 'ஜகார்த்தா'. நாங்கள் பயன்படுத்தும் ஜாவா கட்டமைப்பான ஸ்பிரிங் பூட்டின் 3ஆம் பதிப்புக்கு மாறும்போது அது எங்கள் தலையில் விடிந்தது.

ஒரே அடியாக எல்லாக் கோப்பிலும் ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டேன். 'ஜாவாக்ஸ்.சர்வ்லெட்' மாற வேண்டியதுதான், ஆனால் 'ஜாவாக்ஸ்.எஸ்க்யூஎல்' ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பைச் சேர்ந்தது, அது மாறவே இல்லை. தரவுத்தள இணைப்பைத் தரும் டேட்டாசோர்ஸ் இருந்த கோப்பெல்லாம் பிழைச் சிவப்பு. அதைச் சரிசெய்த அப்புறம், கம்பைல் ஆன நிரல் ஓடும்போது விழுந்தது, ஏனென்றால் பிறர் எழுதி நாங்கள் சேர்த்திருந்த ஒரு பழைய நிரல் லைப்ரரி இன்னும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் போனது, பயனருக்கு ஒரு புது வசதிகூடக் கிடைக்கவில்லை.

அதனால்தான் அந்தத் தம்பியிடம் திட்டத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது என்றேன். பேக்கேஜ், கட்டளை, கோப்பு நீட்சி, பிழைச்செய்தி என்று எங்கெல்லாம் அடுத்தவர் பெயர் ஒட்டியிருக்கிறதோ, பத்துப் பேர் பயன்படுத்தும்போதே பிடுங்கிவிட வேண்டும்.

சொந்த மொழியின் பெயரைப் பதியாமல் விடுவது

பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்று ஐரோப்பாவில் பைதான் மொழியின் பெயரையே கேட்டு விண்ணப்பித்ததால், 2013இல் பைதான் அறக்கட்டளை அந்தப் பெயர் மொழியின் பெயராகவே புழங்குகிறது என்று ஐரோப்பிய நிறுவனங்களிடம் ஆதாரக் கடிதம் கேட்டு நிற்க வேண்டி வந்தது.

பதிந்த பிறகு கழுத்தை நெரிப்பது

ரஸ்ட் மொழியின் பெயரையும் லோகோவையும் யார், எப்படிப் பயன்படுத்தலாம் என்று ரஸ்ட் அறக்கட்டளை 2023 ஏப்ரலில் வெளியிட்ட விதி வரைவுக்கு என்ன எதிர்ப்பு வந்தது என்று தேடிப் பாருங்கள்.

லோகோ

அடுத்தவருடையது என்றால், கேட்டுவிட்டுப் போடுங்கள்.