ஓய்வுக்குப் பிறகு மருத்துவக் காப்பீடு: புதுப்பிக்கும் முன் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

அறுபதைத் தாண்டியவர் கையில் இருக்கும் பாலிசிக்கு மதிப்பே அதன் வயதுதான். சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பின் அந்த நோய்களுக்கு கிளெய்ம் கிடைக்காத காலம்) இந்தியாவில் இப்போது அதிகபட்சம் 36 மாதம். அதைக் கழித்து முடித்த பாலிசியை, பிரீமியம் ஏறிவிட்டதே என்று கைவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தால், கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து ஓடும். கம்பெனியை மாற்றலாம், திட்டத்தை மாற்றலாம். தொடர்ச்சி மட்டும் அறுந்துவிடக் கூடாது.

படி 1: 60 நாள் முன்பே தொடங்குங்கள்

பாலிசி அட்டவணையையும், அதோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளையும் எடுத்துக்கொண்டு, இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்: காப்பீட்டுத் தொகை, பாலிசி முதன்முதலில் தொடங்கிய தேதி, கிளெய்ம் வாங்காத ஆண்டுகளுக்காகச் சேர்ந்திருக்கும் போனஸ், அறை வாடகை வரம்பு, கோ-பே (கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) சதவீதம், கண்புரை அறுவைக்குத் தனி வரம்பு உண்டா என்பது. தொடங்கிய தேதி தவறாக இருந்தால் இப்போதே மின்னஞ்சல் அனுப்பித் திருத்திக்கொள்ளுங்கள். காத்திருப்புக் காலம் முடிந்ததா இல்லையா என்பதை அந்தத் தேதியை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

அலுவலகக் குழுக் காப்பீட்டை மட்டும் நம்பியிருப்பவர்கள், பணி ஓய்வு தேதிக்கு முன்பே அதே கம்பெனியிடம் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதுவரை கழித்த காலம் கைக்கு வராமலே போகலாம்.

படி 2: பிரீமியத்தைப் பார்க்கும் முன் ஒரு பில் போட்டுப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். காப்பீட்டுத் தொகை 5 லட்சம், அறை வாடகை வரம்பு 1%, அதாவது நாளொன்றுக்கு ரூ.5,000, கோ-பே 20% என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி ரூ.8,000 அறையில் 4 நாள் இருக்கிறார்.

அறை வாடகை ரூ.32,000. மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணம் ரூ.1,20,000. மருந்து, பரிசோதனை ரூ.60,000. மொத்தம் ரூ.2,12,000.

வாடகையில் கம்பெனி ஏற்பது ரூ.20,000. மருத்துவர், அரங்குக் கட்டணங்களையும் அறை வாடகையைப் போலவே 8-க்கு 5 என்ற விகிதத்தில் குறைத்து ரூ.75,000 ஆக்கும். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த விகிதக் குறைப்பு கிடையாது, ரூ.60,000 அப்படியே வரும். ஆக ரூ.1,55,000. அதில் 20% கோ-பே ரூ.31,000 போக, கிடைப்பது ரூ.1,24,000. மீதி ரூ.88,000 உங்கள் கையிலிருந்து.

ஒப்பிட நினைக்கும் ஒவ்வொரு திட்டத்துக்கும் இதே பில்லைப் போடுங்கள். அறை வாடகை வரம்பு இல்லாத, கோ-பே குறைந்த திட்டத்துக்குக் கூடுதலாகக் கேட்கும் பிரீமியம் நியாயமா இல்லையா என்பது அப்போது தெரிந்துவிடும்.

காப்பீட்டுத் தொகை போதவில்லை என்றால், அடிப்படை பாலிசியை வைத்துக்கொண்டு சூப்பர் டாப்-அப் (ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் செலவை ஏற்கும் கூடுதல் பாலிசி) சேர்ப்பது பெரும்பாலும் செலவு குறைந்த வழி. வெறும் டாப்-அப் வேண்டாம். அதில் ஒவ்வொரு சிகிச்சைச் செலவும் தனித்தனியாகக் குறிப்பிட்ட தொகையைத் தாண்ட வேண்டும். சூப்பர் டாப்-அப்பில் ஆண்டு முழுவதுமான செலவு கூட்டிப் பார்க்கப்படும்.

படி 3: ஏறிய பிரீமியத்தைச் சரிபாருங்கள்

மூத்த குடிமக்களுக்கான பிரீமியத்தை ஆண்டுக்கு 10%-க்கு மேல் உயர்த்துவதானால், கம்பெனி முதலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யிடம் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது 2025 ஜனவரி உத்தரவு. அதற்கு மேல் ஏறியிருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. பழைய ரசீதோடு ஒப்பிடும்போது அந்த 18%-ஐக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

படி 4: போர்ட் செய்வதானால் (தொடர்ச்சி விடாமல் வேறு கம்பெனிக்கு மாறுவதானால்)

புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளாவது முன்பு புதிய கம்பெனிக்கு விண்ணப்பம் போய்ச் சேரட்டும். முந்தைய பாலிசிகளின் நகல், கிளெய்ம் விவரம், மருத்துவ அறிக்கைகளை இணையுங்கள். சாப்பிடும் மாத்திரை ஒன்றைக்கூட மறைக்காதீர்கள். முகவர் "அதெல்லாம் எழுத வேண்டாம்" என்று சொன்னாலும் எழுதுங்கள். கிளெய்ம் நிராகரிக்கப்படும்போது முகவர் பொறுப்பேற்க மாட்டார்.

தொகையை 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தினால், கழித்த காத்திருப்புக் காலம் பழைய 5 லட்சத்துக்குத்தான் செல்லும். கூடுதல் 5 லட்சத்துக்குப் புதிதாகக் காத்திருக்க வேண்டும்.

புதிய கம்பெனி மறுக்கவும் உரிமை உண்டு. அதனால் ஏற்புக் கடிதம் கைக்கு வரும்வரை பழைய பாலிசியை விட்டுவிடாதீர்கள். மறுத்தால் பழையதையே புதுப்பியுங்கள். முன்பு கிளெய்ம் வாங்கினீர்கள் என்பதைக் காட்டி பழைய கம்பெனி புதுப்பிக்க மறுக்க முடியாது.

படி 5: பணம் கட்டுதல்

ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அது தொடர்ச்சியைக் காப்பாற்றும், அவ்வளவுதான். தேதி முடிந்து நீங்கள் பணம் கட்டும்வரை உள்ள இடைவெளியில் மருத்துவமனையில் சேர்ந்தால் கிளெய்ம் கிடைக்காது. பழைய வரிமுறையில் இருப்பவர்கள் ரொக்கமாகக் கட்ட வேண்டாம். மருத்துவக் காப்பீட்டுக்காக வருமான வரியில் மூத்த குடிமக்களுக்கு உள்ள ரூ.50,000 வரையிலான கழிவு ரொக்கப் பிரீமியத்துக்குக் கிடையாது.

புதிய அட்டவணை வந்த அன்றே படி 1-இல் எழுதிய தாளோடு வைத்துப் பாருங்கள்: முதல் தொடக்க தேதி அப்படியே இருக்கிறதா, நீங்கள் சொன்ன நோய்கள் எல்லாம் பதிவாகியிருக்கின்றனவா? விட்டுப்போயிருந்தால் அன்றே மின்னஞ்சல் அனுப்பி, திருத்திய அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.