மழைத்தோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து சென்னை வீடுகளில் உறைகிணறும் கசிவுக்குழியும் பழகிவிட்டன. இப்போது அடுத்த கட்டமாக, மாடித் தண்ணீரையும் வாசல் தண்ணீரையும் வாங்கி மண்ணுக்குள் இறக்கும் பள்ளமான செடிப்பாத்திகளை, அதாவது மழைத்தோட்டங்களை, பலர் அமைக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ஐப்பசி மழை வந்ததும் புதிதாகச் செய்தவர்களிடமிருந்து ஒரே புகார்: "தண்ணீர் இறங்கவே மாட்டேங்குது."

அஸ்திவாரத்திலிருந்து பத்தடி தள்ளித் தோண்டுவது, செப்டிக் டேங்க் பக்கம் போகாமலிருப்பது எல்லாம் தெரிந்த சங்கதி. அதை விட்டுவிடுகிறேன்.

பாத்தியை மேடாக்குவது

பாத்தி மண் பக்கத்துத் தரையைவிட அரையடி தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே வராது.

சவுடு மண்ணைக் கொட்டி இறுக்குவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். கையில் காசு இருந்தும் கெடுத்துக்கொள்வதால் கோபமே வருகிறது.

களிமண் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. 150 சதுர அடியில் இரண்டடிக்கு மண் நிரப்ப வேண்டும், அதாவது 3 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). தளம் போட்டபோது மிஞ்சிய சவுடு (தரை நிரப்பும் மண்) சும்மா கிடக்கிறதே என்று அதையே கொட்டினார்கள். போதாததற்கு ஜேசிபியைப் பாத்திக்குள் இறக்கி முன்னும் பின்னும் ஓட்டிச் சமப்படுத்தினார்கள். முதல் மழை நின்று நான்காம் நாளும் தண்ணீர் அப்படியே கிடந்தது, மேலே கொசுப்புழு. அந்த மண்ணை எடுத்துப் பிசைந்தால் கொழுக்கட்டை மாவு மாதிரி உருண்டது. கடைசியில் மொத்த மண்ணையும் வாரி வெளியே போட்டார்கள். ஏற்றுகூலி, இறக்குகூலி, செடி எல்லாம் இரண்டாவது முறை.

சவுட்டில் நுண்துகள் அதிகம். நனைந்ததும் துகள்களுக்கிடையே உள்ள இடைவெளி அடைபடும். அதன்மேல் வண்டியும் ஓடினால் மிச்சமிருக்கும் துளையும் போய்விடும். கலவை இப்படி இருக்கட்டும்: மணல் 60 பங்கு, தோட்ட மண் 20, நன்றாக மக்கிய உரம் 20. பச்சைச் சாணி கூடாது. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வாங்கினால் கழுவியதா என்று பாருங்கள். ஒரு பாட்டிலில் பாதி மணலும் பாதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். அரைமணி கழித்து மணலுக்கு மேலே தடிமனாகச் சேறு படிந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

ஜேசிபி வெளியே நின்று கைநீட்டித்தான் தோண்ட வேண்டும். களிமண் ஈரமாக இருக்கும்போது தோண்டினால் பக்கெட் பட்ட இடமெல்லாம் மெழுகிவிட்டதுபோல் அடைத்துக்கொள்ளும். காய்ந்த பிறகே தோண்டி, அடியில் அரையடி ஆழத்துக்குக் கடப்பாரையால் கிளறிவிடுங்கள். கலவையை ஓரடி ஓரடியாகப் போட்டுத் தண்ணீர் தெளித்தால் அதுவே அமரும். திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டாம்.

மே மாதச் சோதனையை நம்புவது

தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று குழி வெட்டி ஊற்றிப் பார்ப்பதுதான் சோதனை. ஆனால் கோடையில் களிமண் வெடித்துக் கிடக்கும். ஊற்றுகிற தண்ணீர் வெடிப்பு வழியாக மளமளவென்று இறங்கும், மழைக்காலத்தில் அந்த வெடிப்பு இருக்காது. ஆகவே பாத்தியின் அடிமட்டத்தில் ஓரடி நீள, அகல, ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒருமுறை நிரப்பி வற்றவிட்டு, மறுபடி நிரப்பி ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். மணிக்கு ஓர் அங்குலம் இறங்கினால் போதும். அரை அங்குலத்துக்குக் கீழே என்றால் அடியில் ஓரடி உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி போட்டு, அதற்குள் துளையிட்ட நாலு அங்குல பிவிசி குழாயை வைத்து மழைநீர் வடிகாலுக்குச் சரிவாகக் கொண்டுபோங்கள். கார்த்திகையில் இரண்டு மூன்றடியிலேயே ஊற்று வருகிற இடத்தில் இந்த வேலையையே தொடாதீர்கள்.

ஜல்லிக்கு மேல் துணி விரிப்பது

மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடுவதற்காக விரிக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி சீக்கிரம் சேறடைத்துக்கொள்ளும். மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே மூன்று அங்குலம் சிப்ஸ் ஜல்லி (பொடி ஜல்லி) போதும்.

அளவு பார்க்காமல் வெட்டுவது

ஆயிரம் சதுர அடி மாடியில் ஓர் அங்குலம் மழை பெய்தால் ஏறக்குறைய 2,360 லிட்டர் வரும். 150 சதுர அடிப் பாத்தியில் அரையடி நின்றால் 2,120 லிட்டர் கொள்ளும், மீதி பெய்யும்போதே மண்ணுக்குள் போகும். புயல் மழைக்கு எந்தப் பாத்தியும் தாங்காது. அதனால் பாத்தி மண்ணிலிருந்து அரையடி உயரத்தில் வழிந்தோடும் வாய் கட்டாயம்.

கல்வாழை மட்டும் நடுவது

ஈரம் போனால் கோடையில் கருகிவிடும். வெட்டிவேர், நொச்சி, அருகம்புல் இரண்டு பருவத்தையும் தாங்கும்.

புரட்டாசியில் நடுவது

வேர் பிடிக்காத செடியை முதல் பெருமழையே அரித்துக்கொண்டு போகும். ஆடிக்குள் நட்டுவிடுங்கள். தண்ணீர் விழுகிற இடத்தில் கூழாங்கல் பரப்பிவிட்டால் வேகமும் குறையும், வண்டலும் அங்கேயே தங்கும். பெருமழை விட்டதும் அந்த வண்டலை வாரிவிட்டு மணி பாருங்கள். 48 மணி நேரத்தில் பாத்தி வற்றியிருக்க வேண்டும். வற்றாவிட்டால் உடனே முழுவதும் தோண்ட வேண்டாம். முதலில் மேலே இரண்டு அங்குல மண்ணைச் சுரண்டி எடுத்துக் கழுவிய மணல் கலந்து பாருங்கள். அடைப்பு பெரும்பாலும் அந்த மேல்தோலில்தான் இருக்கும்.