தை மாசத்தில் குழந்தை பிறந்தால் மனச்சிதைவு வருமா? பயப்படுகிறவர்கள் செய்ய வேண்டியது

போன வாரம் அண்ணன் மகள் மீனா ஆறு மாத வயிற்றோடு வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்ததும் கைபேசியை நீட்டினாள். "அத்தை, குளிர்காலத்தில் பிறக்கிற பிள்ளைக்கு ஸ்கிசோஃப்ரினியா வருமாம். எனக்குத் தையில்தான் நாள் சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பாவும் தையில் பிறந்தவர்தானே?"

சித்தப்பா என்று அவள் சொன்னது என் தம்பியை. அவனுக்கு 19 வயதில் மனச்சிதைவு நோய், அதாவது அவள் சொன்ன ஸ்கிசோஃப்ரினியா, வந்தது. மியான்மரில், யாங்கோனில் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு புதிதில்லை. அவளுக்கு அன்று செய்து காட்டியதை, அதே பயம் வந்த மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்தச் செய்தி எந்த ஊர்க் குளிரைச் சொல்கிறது என்று பாருங்கள். சுவிட்சர்லாந்தில் மோரிட்ஸ் டிராமர் என்ற மருத்துவர் 1929இல் இதைக் கவனித்து எழுதினார். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற வடக்கு நாடுகளில் நடந்தவை. அங்கே குளிர்காலத்திலும் அதை அடுத்த வசந்தத்திலும் பிறந்தவர்களிடையே இந்த நோய் 5 முதல் 8 சதவீதம் கூடுதலாக இருக்கிறது. பூமத்திய ரேகையை விட்டு வடக்கே போகப் போக இந்த வித்தியாசம் கூடுகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூரிலும் ஆய்வு செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அங்கே ஒரு தொடர்பும் இல்லை. தென்பாதி உலகத்து ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் தெளிவாக எதுவும் தெரியவில்லை.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் டிசம்பர் கடைசியில் பகல் ஏழு மணி நேரம்தான். நமக்கு அதே நாளில் பதினோரு மணி நேர வெயில். மார்கழி விடியலில் காளியம்மன் கோயிலுக்குப் போக ஒரு சால்வை போதும். அவர்கள் குளிரையும் நம் குளிரையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது.

அடுத்து, சதவீதத்தைக் கண்ணால் பாருங்கள். இதை அவசியம் செய்யுங்கள், கேட்டால் மட்டும் மனசில் நிற்காது. தெய்ன்ஜீ சந்தையில் வாங்கிய புளியைக் கொட்டை எடுத்து வைத்திருந்தேன். நூறு நூறாகக் குவித்து இருபது குவியல் வைக்கச் சொன்னேன், மொத்தம் 2000 கொட்டை. வாழ்நாளில் இந்த நோய் வருகிறவர்கள் ஆயிரத்துக்கு ஏழு பேர் அளவில் என்று வைத்தால், இரண்டாயிரத்துக்குப் பதினாலு. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டுப் பதினாலு கொட்டையில் பொட்டு வைத்தாள். "இப்போ இவர்கள் எல்லோரும் அந்த வடக்கு நாட்டில் குளிர்காலத்தில் பிறந்தவர்கள் என்று வை. இன்னும் ஒன்றுக்குப் பொட்டு வை" என்றேன். வைத்துவிட்டு, "அவ்வளவுதானா அத்தை?" என்றாள். அவ்வளவுதான். 1985 கொட்டை அப்படியே கறுப்பாகக் கிடந்தது.

சரி, நம் வீட்டில் ஒருவருக்கு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி நியாயமானது, பிறந்த மாசத்தை விடப் பெரியதும் கூட. டென்மார்க்கில் பதினேழரை லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 1999இல் வெளியான ஆய்வில், பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்களுக்கு ஆபத்து 1.1 மடங்கு. தாய்க்கு நோய் இருந்தால் 9 மடங்குக்கு மேல், உடன்பிறந்தவருக்கு இருந்தால் ஏறக்குறைய 7 மடங்கு. மீனாவின் பிள்ளைக்கு என் தம்பி தாத்தாவின் தம்பி, அப்படி என்றால் உறவு இன்னும் விலகிப் போகிறது, ஆபத்தும் அதோடு குறைகிறது. உறவில் இருப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அது போதும்.

ஏன் குளிர்காலம் என்பதற்கு இன்னும் முடிவான பதில் இல்லை. கர்ப்பத்தில் வரும் ஃப்ளூ காய்ச்சலைச் சிலர் சந்தேகிக்கிறார்கள், வெயில் குறைந்து வைட்டமின் டி குறைவதைச் சிலர் சொல்கிறார்கள். காய்ச்சல் அடித்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காமல் மருத்துவரிடம் போவது, கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுவது, இவை எந்த மாசத்துப் பிள்ளைக்கும் நல்லது. நாள் தள்ள வேண்டும், முன்னாலேயே அறுத்து எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆடியில் சேர்ந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று நம் ஊரில் பிரித்து வைப்பது வேறு விஷயம், அதையும் இதையும் குழப்ப வேண்டாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். பிறந்த மாசத்தைப் பார்த்த கண்ணைப் பிள்ளையின் பதினைந்து வயதிலிருந்து முப்பது வயது வரைக்கும் திருப்புங்கள். நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது அப்போதுதான், பெண்களுக்குக் கொஞ்சம் பிந்தியும் வரலாம். தம்பி முதலில் தூக்கத்தை விட்டான். அப்புறம் அம்மா வைத்த சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளினான். ஒரு நாள் ரேடியோவின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, அதன் முன்னால் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். யார் பேசுகிறார்கள் என்று கேட்டேன். "உன்னைப் பற்றித்தான் சொல்கிறார்கள், சும்மா இரு" என்றான்.

நாங்கள் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஓடினோம். தையும் சனிக்கிழமையும் சேர்ந்த பிறப்பு என்றார்கள். பரிகாரம் செய்தோம். இங்கே பிறந்த கிழமைக்கு ஒரு மூலையும் ஒரு விலங்கும் உண்டு, ஷ்வேடகோன் பகோடா என்ற பெரிய புத்தர் கோயிலில் தென்மேற்கு மூலையில், சனிக்கிழமைக்காரர்களுக்கான நாகத்தின் மேல் அம்மா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். அம்மாவின் பக்தியில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அந்த இரண்டு வருஷம் மருத்துவரிடம் போகாமல் போய்விட்டது. சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நன்றாகத் தேறுகிறார்கள் என்று பிறகு தெரிந்தபோது அம்மா அழுத அழுகை எனக்கு மறக்காது. கும்பிடப் போவதானால் போங்கள், அதே வாரம் மனநல மருத்துவரிடமும் போங்கள்.

வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். தூக்கம் எத்தனை மணி, சாப்பாடு, தனியாகப் பேசியது, யார் மேல் சந்தேகம், எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். மருத்துவர் முன்னால் பத்து நிமிஷத்தில் எல்லாம் ஞாபகம் வராது. மாத்திரை தொடங்கிய பிறகு, நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நோய் திரும்பி வருவது பெரும்பாலும் அப்படித்தான். கஞ்சா பக்கம் போகவே விடாதீர்கள், ஆபத்து கூடும்.

தம்பிக்கு இப்போது 46 வயது. மசாலாக் கடையில் பொட்டலம் கட்டுகிறான். இரவு எட்டு மணிக்கு மாத்திரை, நோட்டில் அவனே டிக் போடுகிறான். அன்றைக்கு மீனா கிளம்பும்போது சுண்ணாம்புப் பொட்டு வைத்த கொட்டைகளைக் கழுவி வைத்தவனும் அவன்தான்.