இரு கோள்கள் நெருங்கும்போது: படமெடுப்பதற்கான கணக்கு

கோள்கள் இரண்டு நெருங்கி நிற்பதைப் பார்க்க வெறுங்கண்ணே போதும். படமெடுக்கத்தான் கணக்கு தேவை. முதலில் இடைவெளி. முழுநிலவின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை, அதாவது 30 கலை. 2023 மார்ச் தொடக்கத்தில் வெள்ளியும் வியாழனும் ஏறக்குறைய அந்த அளவுக்கு நெருங்கின. 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் சுமார் 6 கலைக்குள் வந்தன. இந்த இரு நிகழ்வுகளையும் ஒரே லென்ஸால் எடுக்க நினைப்பது வீண்.

லென்ஸின் குவியத் தூரத்தை மிமீ கணக்கில் 3438ஆல் வகுத்து, இடைவெளிக் கலையால் பெருக்குங்கள். சென்சாரில் இரு கோள்களுக்கும் நடுவே எத்தனை மிமீ விழும் என்று தெரிந்துவிடும். 200 மிமீ லென்ஸில் 6 கலை என்பது 0.35 மிமீ மட்டுமே. இரண்டு புள்ளிகள், அவ்வளவுதான். சனியின் வளையமும் வியாழனின் பட்டைகளும் வேண்டுமென்றால் 1000 முதல் 2000 மிமீ வரை குவியத் தூரமுள்ள தொலைநோக்கி வேண்டும். ஒன்றிரண்டு பாகை இடைவெளி என்றால் 85 அல்லது 135 மிமீ லென்ஸில், கீழே மரமோ கோபுரமோ வரும்படி எடுப்பதுதான் அழகு.

வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லாரியம் செயலியில் உங்கள் ஊரைக் கொடுத்து நேரத்தைப் பாருங்கள். மிக நெருங்கும் கணம் உங்களுக்குப் பகலாக இருக்கலாம். முந்தைய மாலையையும் அடுத்த மாலையையும் சேர்த்தே திட்டமிடுங்கள். வெள்ளியோ புதனோ இருந்தால் அந்தி வெளிச்சத்தில் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான். சூரியன் முழுதாக மறையும் முன் பைனாகுலரையோ தொலைநோக்கியையோ அந்தப் பக்கம் திருப்பக் கூடாது. விடியலில் என்றால், சூரியன் எழும் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

டிரைபாடில் வைத்ததும் ஆட்டோஃபோகஸையும் நடுக்கத் தடுப்பையும் அணைத்துவிடுங்கள். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, கோள் மிகச் சிறிய புள்ளியாகும் வரை கையால் ஃபோகஸ் செய்யுங்கள். 2 விநாடி டைமர் வைத்து, ரா (கேமரா சுருக்காத மூலப்பதிவு) கோப்பாக எடுங்கள்.

ஷட்டர் நேரத்துக்குப் பலரும் சொல்லும் 500 விதி (500ஐக் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது விநாடிக் கணக்கு) இங்கே ஏமாற்றும். 200 மிமீ லென்ஸில் அது 2.5 விநாடி தருகிறது. வானம் விநாடிக்கு 15 விகலை (ஒரு கலையில் 60 விகலை) நகர்வதால், 4 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவில் கோள் ஒன்பது பிக்சல் இழுபடும். 500க்குப் பதில் 100ஐ வகுத்துக்கொள்ளுங்கள்: 200 மிமீக்கு அரை விநாடி, 50 மிமீக்கு 2 விநாடி. எஃப் 4, ஐஎஸ்ஓ 400இல் தொடங்கி, வானம் இருள இருள ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். கோள் சில பிக்சல்களே என்பதால் ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) அதைக் காட்டாது. படத்தைப் பெரிதாக்கித்தான் வெளுத்துப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தொலைநோக்கியில் உண்மையான சிக்கல் வெளிச்ச வித்தியாசம். சனிக்குக் கிடைக்கும் சூரிய ஒளி, வியாழனுக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வெள்ளிக்கோ வியாழனைப்போல ஐம்பது மடங்கு. ஆகவே ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் சரியாக வராது. வியாழனுக்குப் பொருந்தும் எக்ஸ்போஷர் நேரத்தில் ஒரு வீடியோ, அதைப்போல் மூன்று நான்கு மடங்கு நேரத்தில் சனிக்கு இன்னொன்று, வியாழனின் நிலவுகளுக்காக அரை முதல் ஒரு விநாடி வரையான படங்கள் தனியாக (இதற்கு வானைத் தொடரும் தாங்கி வேண்டும்). பிறகு சேர்த்து, கூட்டுப்படம் என்று குறிப்பில் எழுதிவிடுவதே நேர்மை. வீடியோ 60 முதல் 90 விநாடி போதும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுவதால், நீட்டினால் பட்டைகள் கலங்கும்.

தொலைநோக்கியில் பொருத்தும் 5.6 மிமீ நீளச் சென்சார் உள்ள கோள் கேமராவில், 2000 மிமீ குவியத் தூரத்தில், நீளவாக்கில் கிடைப்பது 9.6 கலை மட்டுமே. அகலவாக்கில் 6 கலைகூட இல்லை. இரு கோள்களும் சென்சாரின் நீளவாக்கில் விழும்படி கேமராவைத் திருப்பிப் பூட்டுங்கள். வீடியோவின் படங்களை ஒன்றாக்கும் ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் அடுக்கும்போது சீரமைப்புப் புள்ளிகளை இரண்டின் மீதும் வையுங்கள். ஒன்றின் மீது மட்டும் வைத்தால் மற்றது மங்கும், ஏனென்றால் காற்று இரண்டையும் ஒரே மாதிரி அசைப்பதில்லை.

கோள்கள் தொடுவானிலிருந்து 15 பாகை உயரத்துக்குக் கீழே இருந்தால், தலைக்கு நேர் மேலே பார்ப்பதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு காற்றின் ஊடே பார்க்கிறீர்கள். கோளின் மேல் விளிம்பு நீலமாகவும் கீழ் விளிம்பு சிவப்பாகவும் பிரியும். தலைகீழாகக் காட்டும் தொலைநோக்கியில் இது மாறித் தெரியும். இதை ஃபோகஸ் பிழை என்று நினைத்துத் திருகிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. காற்றுச் சிதறல் திருத்தி (பிரிந்த நிறங்களை மீண்டும் சேர்க்கும் பட்டகக் கருவி) இருந்தால் பொருத்துங்கள். இல்லையேல் சிவப்பு அலைவரிசையை மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பயன்படுத்தினால் கூர்மை ஓரளவு மீளும்.