மழை எல்லா விதைக்கும் பொது: செயற்கை உயிர் சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கை உயிர் சிமுலேஷன், அதாவது உயிர்கள் பெருகி மாறுவதைக் கணினியில் நடத்திப் பார்க்கும் நிரல், எழுதப் பழகுபவர்களின் நிரல்களைத் திருத்திக் கொடுக்கிறேன். நான் முன்பு செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். நிரல் தானே காட்டிக்கொடுக்கும் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

மழையை விதைக்கு விதை தனியாகக் கொடுப்பது

என் மூன்று மாத உழைப்பைத் தின்ற தவறு. இன்றும் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

பாலைவனச் செடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விதை இந்த ஆண்டு முளைக்கலாம், மண்ணுக்குள் தூங்கலாம். முளைத்த ஆண்டில் மழை பெய்தால் ஒன்று மூன்றாகும், பொய்த்தால் சாகும். தூங்கும் விதைக்குச் சேதமில்லை. மழைக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. எத்தனை பங்கு முளைக்க வேண்டும் என்பது பரம்பரையாக வரும் குணம்.

இப்படிப்பட்ட நிலையில் ஒரு பங்கு விதை மண்ணில் காத்திருப்பதே நல்லது என்று உயிரியலாளர் டான் கோஹன் 1966-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். என் சிமுலேஷனிலோ எல்லா விதையையும் முளைக்கவிடும் வகையே ஒவ்வொரு முறையும் வென்றது. மரபு மாற்ற வீதத்தை மாற்றினேன், விதைகளின் எண்ணிக்கையைக் கூட்டினேன், கோஹனின் கணக்கையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், மழைக்கான ரேண்டம் எண்ணை எடுக்கும் வரி விதைகளுக்கான லூப்புக்குள், அதாவது ஒவ்வொரு விதைக்கும் மறுபடி ஓடும் பகுதிக்குள், இருந்தது. ஒரு விதைக்கு மழை, பக்கத்து விதைக்கு வறட்சி! அப்படியானால் முளைத்தவற்றில் ஆண்டுதோறும் பாதி தப்பும், சராசரி ஒன்றரை மடங்கு. தூங்குவது வீண்.

அந்த வரியை லூப்புக்கு மேலே ஏற்றி, ஆண்டுக்கு ஒரே மழை என்று ஆக்கினேன். முழுவதும் முளைக்கும் வகை முதல் வறட்சியிலேயே பூண்டோடு அழிந்தது. ஆண்டுகள் ஒன்றோடொன்று பெருகுகின்றன, அதனால் இங்கே பார்க்க வேண்டியது பெருக்கல் சராசரி. கால் பங்கு முளைத்தால் நல்ல ஆண்டில் 1.5 மடங்கு, கெட்ட ஆண்டில் 0.75, பெருக்கினால் 1.125. பாதி முளைத்தால் 2 மடங்கும் 0.5-உம், பெருக்கினால் வெறும் 1. கால் பங்குதான் உச்சம்.

எந்த நிச்சயமின்மை பொது, எது தனி என்று நிரலுக்கு முன் தாளில் எழுதிவிடுங்கள். வறட்சி பொது. ஒரு விதையை எறும்பு தூக்கிப்போவது பெரும்பாலும் தனி.

விதைக்கு மழை முன்கூட்டியே தெரிவது

வரியை மேலே ஏற்றியவர்கள் அடுத்து விழும் குழி இது. முளைப்பதா என்று முடிவு செய்யும் ஃபங்ஷன் மழையின் மதிப்பைத் தொடவே கூடாது.

ஒரே ஓட்டத்தை நம்புவது

வேண்டாம்.

எல்லோரையும் ஒரே நொடியில் மாற்றுவது

கைதிகள் சிக்கல் என்பது ஒத்துழைப்பதா, ஏமாற்றுவதா என்று ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கும் ஆட்டம். ஆய்வாளர்கள் நோவாக்கும் மேயும் 1992-இல் அதைக் கட்டங்களில், எல்லாக் கட்டங்களையும் ஒரே நேரத்தில் புதுப்பித்து ஓட்டி, ஒத்துழைப்பவர்கள் பிழைத்திருப்பதைக் காட்டினார்கள். மறு ஆண்டே ஹூபர்மனும் கிளான்ஸும் கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் புதுப்பித்துப் பார்த்தார்கள்; ஒத்துழைப்பு அழிந்துபோனது. சரி, எது உண்மை என்று அவசரப்படாமல் உங்கள் நிரலையும் இரண்டு விதமாகவும் ஓட்டுங்கள்.