தீயணைப்பு நிலையத்தில் சங்க வேலை: புதிய பிரதிநிதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டன் தீயணைப்பு நிலையங்களில் தொழிற்சங்க வேலைக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்க்கிறேன். சுறுசுறுப்பானவர்கள், யாருக்கும் பயப்படாதவர்கள். ஆனால் எங்கள் தலைமுறைக் கிளைகள் எங்கெங்கே சறுக்கினவோ அங்கேதான் இவர்களும் சறுக்குகிறார்கள். கூட்டத்துக்கு நேரத்துக்கு வா, சந்தாக் கணக்கை ஒழுங்காக வை என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

வாட்ஸ்அப் குழுவில் திட்டம் போடுவது

வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட் மறுநாள் காலை அதிகாரியின் மேசையில் இருக்கும்.

வாய்வார்த்தையை வாங்கிக்கொண்டு திரும்பி வருவது

ஒவ்வொரு முறை கேள்விப்படும்போதும் எனக்கு இன்னமும் ஆத்திரம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டேஷன். தீயை அணைத்துவிட்டு, புகை படிந்த உடுப்போடே வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து வருவார்கள். துவைக்க அனுப்பினால் மாற்று செட் கிடையாது என்பதால் பலர் அனுப்புவதே இல்லை. தலையையும் கழுத்தையும் மூடும் துணி உறையைக் கையில் எடுத்தால் விரலில் கரி ஒட்டும். அதையே அடுத்த தீக்கும் மாட்டிக்கொண்டு போவார்கள்.

அங்கிருந்த இளம் பிரதிநிதி அதிகாரியோடு டீ குடித்தபடியே பேசி இரண்டு விஷயத்துக்குச் சம்மதம் வாங்கிவிட்டார். ஆளுக்கு இரண்டாவது செட் உடுப்பு. அழுக்கு உடுப்பை ஸ்தலத்திலேயே கழற்றிப் பையில் கட்டி, ஆட்கள் உட்காரும் இடத்துக்கு வெளியே வைத்துக் கொண்டுவருவது. வாட்ச் முழுக்க, அதாவது ஒரே ஷிப்டில் வேலை செய்யும் குழு முழுக்க, சந்தோஷம். அதிகாரியும் நேர்மையானவர்தான், ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் உடுப்பு வருவதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "இது எங்கே எழுதியிருக்கிறது?" எங்கேயும் இல்லை. பேச்சுவார்த்தையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அது முடியும்வரை அதே உடுப்பு, அதே கரி.

இந்தத் தாமதத்தின் விலை சின்னதில்லை. 2022ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்பு வேலையையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2023ல் வந்தது: ஸ்காட்லாந்தில் தீயணைப்பு வீரர்கள் புற்றுநோயால் இறக்கும் விகிதம் பொதுமக்களைவிட 1.6 மடங்கு. நோய் தலைகாட்டுவதோ பல வருடம் கழித்து. அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் கனடாவிலும் பட்டியலில் உள்ள புற்றுநோய் வந்தால் அது வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பிரிட்டனில் அந்த வசதி இல்லை, நோயாளிதான் நிரூபிக்க வேண்டும். எந்தத் தீ, என்ன எரிந்தது, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார், உடுப்பு துவைத்ததா என்று கேட்பார்கள். ஸ்டேஷனில் அன்றைக்கே யாரும் குறித்து வைக்கவில்லை என்றால், ஓய்வுபெற்ற அந்த மனிதர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்?

1977ல் வந்த பாதுகாப்புப் பிரதிநிதிகள் விதிமுறைகளை நிறையப் பேர் படிப்பதே இல்லை. சங்கம் நியமித்த பாதுகாப்புப் பிரதிநிதி எழுத்தில் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையிடத்தைச் சோதிக்கலாம். இரண்டு பிரதிநிதிகள் எழுத்தில் கேட்டால், மூன்று மாதத்துக்குள் நிர்வாகம் பாதுகாப்புக் குழு அமைத்தே ஆக வேண்டும். கவனியுங்கள், இரண்டுக்கும் எழுத்து வேண்டும். சட்டம் கையில் கொடுத்திருப்பதை டீக்கோப்பையோடு கழுவி வைத்துவிட்டு வருகிறார்கள்.

பேசி முடித்த அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "இன்று பேசியபடி, இன்ன தேதிக்குள் இன்னின்னதைச் செய்வதாக ஒப்புக்கொண்டீர்கள். நான் புரிந்துகொண்டதில் பிழை இருந்தால் சொல்லுங்கள்." இவ்வளவு போதும். உறவு கெட்டுவிடும் என்கிறார்கள். கெடாது. நல்ல அதிகாரிக்கு, மேலிடத்தில் பணம் கேட்க அந்த மின்னஞ்சல்தான் துணை.

வாக்குச்சீட்டு எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்க்காமல் விடுவது

வேலைநிறுத்த வாக்கெடுப்பு என்றதும் மேடைப் பேச்சுக்குத் தயாராகிறார்கள். 2016ல் வந்த தொழிற்சங்கச் சட்டம், உறுப்பினரில் பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டும் என்றது. தீயணைப்பு போன்ற சேவைகளில் மொத்த உறுப்பினரில் 40 சதவீதம் பேர் 'ஆம்' என்றும் சொல்ல வேண்டியிருந்தது. சீட்டோ தபாலில் வீட்டுக்குப் போனது. வீடு மாறியவருக்கு வராது, வராத சீட்டு எதிர்க்கட்சியில் சேர்ந்த மாதிரி.

தீயணைப்புப் படையினர் சங்கம் சம்பள உயர்வுக்காக நடத்திய வாக்கெடுப்பின் முடிவு 2023 ஜனவரியில் வந்தது. 73 சதவீதம் பேர் வாக்களித்து, அதில் 88 சதவீதம் 'ஆம்'. வாட்ச் வாட்சாகப் போய், "சீட்டு வந்ததா, தபாலில் போட்டாயா?" என்று சலிக்காமல் கேட்கிற ஆட்கள் இல்லாமல் அப்படி ஓர் எண் வராது. வேலைநிறுத்தம் ஒரு நாள்கூட நடக்கவில்லை. 5 சதவீதத்தில் நின்ற நிர்வாகம், 2022 ஜூலையிலிருந்து 7, 2023 ஜூலையிலிருந்து இன்னொரு 5 என்று இறங்கி வந்தது.

மக்கள் ஆதரவை மட்டும் நம்பிக் கணக்குப் போடுவது

தீயணைப்பு வீரர்களின் சம்பள வேலைநிறுத்தம், 1977 நவம்பரில் தொடங்கி ஒன்பது வாரம். மக்கள் அனுதாபம் நிறைய இருந்தது. கேட்டது 30 சதவீதம், உடனே கிடைத்தது 10.

அழைத்தால் வரும் வீரர்களைக் கடைசியில் நினைப்பது

பேஜரை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாய் வேலையோ கடையோ பார்த்துக்கொண்டிருப்பவர்கள். முழுநேரக்காரர்கள் இவர்களை இரண்டாம் பட்சமாக நினைப்பது பழைய வியாதி. ஓய்வூதியத்திலும் சுகவீனச் சம்பளத்திலும் தங்களைக் குறைத்து நடத்துகிறார்கள் என்று இவர்கள் தொடுத்த வழக்கு, 2000ஆம் ஆண்டின் பகுதிநேரத் தொழிலாளர் விதிகளை வைத்து அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 2006ல் அங்கே இவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அங்கே வந்த கேள்வியே இரு தரப்பும் செய்வது ஒரே வேலையா என்பதுதான்.

இவர்களிடம் பகல் பதினொரு மணிக் கூட்டத்துக்கு வா என்றால் யார் வருவார்? வாரத்தில் ஒரு மாலை பயிற்சிக்கு ஸ்டேஷனுக்கு வருகிறார்கள். அன்றைக்கு, பயிற்சி முடிந்த கையோடு, அங்கேயே கூட்டத்தை வையுங்கள்.