ஆறுமணிக் குருவிக்குச் சருகுதான் விருந்து

கொல்லையில் கம்பும் தினையும் வைத்தால் வலசை வரும் ஆறுமணிக் குருவியும் இறங்கிவிடும் என்று இரண்டு வருஷம் காத்திருந்தேன், வந்தவை புறாக்கள்தான். ஆறுமணிக் குருவி தானியம் கொத்தும் பறவையே இல்லை. சருகைக் கிளறிப் புழு பூச்சி தேடும், நான் மாமரத்தடியைத் தினமும் பெருக்கிக்கொண்டிருந்தேன். சரி என்று செப்டம்பரிலிருந்தே ஒரு மூலையில் சருகை அப்படியே விட்டேன், பக்கத்தில் ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர், தினமும் மாற்றிவிடுவேன். அக்டோபர் கடைசியில் ஒரு விடியலில் அதன் இரட்டைச் சீழ்க்கைக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால், இமயமலை அடிவாரத்திலிருந்தெல்லாம் வரும் அந்தப் பறவை குட்டை வாலை ஆட்டியபடி, ஒரு சருகைப் புரட்டி மண்புழுவை இழுத்துக்கொண்டிருந்தது. அடிவயிற்றுச் சிவப்பு அவ்வளவு பளிச்! மூச்சு விடாமல் நின்றேன். அப்புறம், பூனையை அந்தப் பக்கம் விடுவதே இல்லை.